துடைக்கப்படாத தூசி

2015 பிப்ரவரி 6. பாரிஸ் நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ரெட்ரோமொபில் பழங்கார்க் கண்காட்சி. அங்கே எந்தக் காரின் பானெட்டைக் குனிந்து பார்த்தாலும் நம் முகம் தெரியும், அவ்வளவு பளபளப்பு. அந்த ஆண்டு ஓரிடத்தில் மட்டும் 59 கார்களைத் துடைக்காமலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சிலவற்றின் மேல் அரை நூற்றாண்டுத் தூசி. சில கார்களில் கதவே இல்லை. சில வெறும் துருக்கூடுகள். பார்க்க வந்த கூட்டமோ திருவிழாக் கூட்டம்.

அன்றைய ஏலத்தில் ஒரு ஃபெராரி மட்டும் சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. 1961-ல் வந்த 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலென் டெலோன் கைக்கு ஒரு காலத்தில் வந்த கார். கண்ணாடி மூடிய ஹெட்லைட்டுடன் அந்த மாடலில் செய்யப்பட்டவை 37 மட்டுமே. ஏலம் நடத்திய நிறுவனம் அதைக் கழுவி மெழுகு போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கந்தைத் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், இரண்டு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதில்தான் இந்த அத்தியாயம் தொடங்குகிறது.

மேற்குப் பிரான்ஸில், கிராமப்புறத்தில், ரோஜே பையோன் என்ற லாரித் தொழிலதிபர் 1950-களிலிருந்து பழைய கார்களை வாங்கிச் சேர்த்தார். போருக்கு முன்பு பிரெஞ்சுக் கைவினைஞர்கள் கட்டிய ஹிஸ்பானோ-சுய்ஸா, தெலாஹே, தால்போ-லாகோ போன்ற சொகுசுக் கார்கள் அப்போது பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. எகிப்து மன்னர் ஃபாரூக் வைத்திருந்த தால்போ-லாகோ கூட அவரிடம் வந்து சேர்ந்தது. அருங்காட்சியகம் ஒன்று கட்டும் கனவு அவருக்கு இருந்தது. 1970-களில் தொழில் நொடித்தது. ஏறக்குறைய 50 கார்களை விற்க நேர்ந்தது. மிச்சம் இருந்தவை தகரக் கொட்டகைகளின் கீழ் அப்படியே நின்றுவிட்டன. 2014-ல் ஏல நிறுவனத்தின் வல்லுநர்கள் வந்து பார்த்தபோது கொடிகள் சில கார்களுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தன. ஃபெராரி மட்டும் மூடிய கேரேஜுக்குள், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு மசெராட்டி.

எனக்கு இந்தக் கதையில் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரே உரிமையாளர், ஒரே மண், ஒரே மழை, ஏறக்குறைய ஒரே கால அளவு. நான்கு சுவரும் கதவும் இருந்த இடத்தில் ஒரு கார் காராகவே இருக்கிறது. பக்கம் திறந்த கொட்டகையில் நின்ற கார், விரல் வைத்தால் உதிர்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் 50 ஆண்டு பொறுமையாக நடத்த முடியாத சோதனை ஒன்று அந்தப் பண்ணையில் தானாகவே நடந்து முடிந்திருந்தது. அதன் முடிவைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் தண்ணீர் என்றவுடன் நமக்கு மழையும் ஒழுகலும் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஈரமே போதும். காற்றில் இருக்கும் நீராவி எந்த உலோகத்தின் மேலும் சில மூலக்கூறு தடிமனுக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் போதிய அளவு தடித்தால் இரும்பின் பரப்பு ஒரு சிறு பேட்டரியாக மாறுகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகின்றன. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. நடுவில் மின்சாரத்தைக் கடத்துவது அந்த ஈரப்படலம்.

பிரிட்டிஷ் வேதியியலர் வெர்னன் 1920-களிலும் 30-களிலும் இதை அளந்து பார்த்தார். ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது, அதோடு காற்றில் கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கலந்திருந்தால், துருவின் வேகம் சட்டென்று ஏறுகிறது. அந்த எல்லைக்குக் கீழே இரும்பு ஏறக்குறைய அமைதியாக இருக்கிறது. இன்றைக்கும் உலோகப் பொருள்களை வைக்கும் அருங்காட்சியக அறைகளில் இந்த எண்ணை நினைவில் வைத்துத்தான் ஈரமானியைப் பார்க்கிறார்கள்.

வெர்னனின் இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு இரும்புத் துண்டுகளை ஒரே அறையில் தொங்கவிட்டார். ஒன்றைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணியில் ஒரு கூண்டு. காற்றும் ஈரமும் கூண்டுக்குள் தாராளமாகப் போய்வரலாம். தூசி மட்டும் போகாது. வெளியே இருந்த துண்டு துருப்பிடித்தது. கூண்டுக்குள் இருந்தது பிடிக்கவில்லை. தூசியில் உப்புகள் இருக்கின்றன, புகைக்கரி இருக்கிறது. அவை ஈரத்தைப் பிடித்து இழுத்து உலோகத்தின் மேல் ஒட்டவைக்கின்றன. ஒவ்வொரு தூசித் துகளும் ஒரு துளித் துருவுக்கான விதை.

ஆக, பாரிஸில் கோடிகளுக்குப் போன அந்தத் தூசி, காரின் வரலாற்றுக்குச் சாட்சி. அதே தூசி காரின் உலோகத்துக்குப் பகை. துடைத்தால் சாட்சி போகும். விட்டுவைத்தால் உலோகம் போகும். ஒரு பழங்காரை அதன் நிலையிலேயே காப்பாற்றுவது என்ற வேலை முழுக்க இந்த முரணிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆக்சிஜன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கார் சாட்சி சொல்கிறது. 1925-ல் செய்த ஒரு புகாட்டி பிரெஸ்சியா, சுங்க வரி கட்டாத காரணத்தால் 1930-களில் மஜோரே ஏரியில், சுவிட்சர்லாந்துக் கரையோரம் இறக்கிவிடப்பட்டது. கட்டியிருந்த சங்கிலி அற்று, 50 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் போனது. 2009 ஜூலையில் முக்குளிப்பவர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள். ஏரியின் குளிர்ந்த நன்னீரில் உப்பு குறைவு. சேற்றுக்குள்ளோ ஆக்சிஜன் எட்டிப்பார்ப்பதே அரிது. இல்லையென்றால் 70 ஆண்டுக்கும் மேல் தண்ணீரில் கிடந்த தகட்டில் கார் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2010 ஜனவரியில் 2,60,500 யூரோவுக்கு ஏலம் போய், அந்தப் பணம் வன்முறையில் உயிரிழந்த ஓர் இளைஞரின் பெயரிலான அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின் அதைப் புதிதாக்கவில்லை. ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அதைப் புதுப்பித்திருந்தால் உலகத்தில் இன்னொரு பிரெஸ்சியா கூடியிருக்கும். ஏரியிலிருந்து வந்த ஒரே பிரெஸ்சியா இல்லாமல் போயிருக்கும்.

*

இனி பூச்சுக்கு வருவோம். பழங்காரில் முதலில் பறிபோவதும், போனால் மீளாததும் அதுதான்.

நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் ஒரு பழைய வண்டியைக் கொடுத்தால் முதல் வேலை உப்புத்தாள். பழைய பெயிண்டைத் தகடு தெரியும்வரை தேய்த்து, நெளிவைத் தட்டி, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பிறகு புதிய வர்ணம். அந்தக் கைத்திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உப்புத்தாளில் என்ன உதிர்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1923 வரை கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ்தான். ஒரு சொகுசுக் காரின் உடலுக்குப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பின் தேய்த்து, முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் முதலில் ஏறியது. நம்மூர் மரச்சாமான் கடைகளில் பீய்ச்சி அடிக்கும் பெயிண்டை இன்றும் ‘டூகோ’ என்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கரைப்பானில் கரைத்தது இந்தப் பூச்சு. கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும். வேதிவினை எதுவும் நடப்பதில்லை. எனவே 100 ஆண்டு கழித்து அதே கரைப்பானைத் தொட்டால் மறுபடி கரையும். இந்தச் சின்னச் செய்தி தெரியாமல் அசல் பூச்சைத் துடைத்துத் துடைத்தே அழித்தவர்கள் உண்டு.

ஒரு காரின் பூச்சில், ஊசிமுனை அளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையங்களைப் போல அடுக்குகள் தெரியும். கீழே துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் நிரப்புப் பூச்சு, அதன் மேல் நிறம். இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய அழுக்குக் கோடு இருந்தால், மேல்நிறம் பூசப்படும் முன் கார் சில காலம் தெருவில் ஓடியிருக்கிறது என்று பொருள். புறஊதா ஒளியில் ஒவ்வொரு பிசினும் ஒவ்வொரு விதமாக ஒளிரும். நிறமிகளும் தேதி சொல்லும். தாலோசயனைன் நீலம் சந்தைக்கு வந்தது 1935-ல். 1925-ல் பிறந்த கார் ஒன்றின் ‘அசல்’ நீலத்தில் அது இருந்தால், விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வெள்ளையிலும் இப்படித்தான்: முன்பு ஈய வெள்ளை, பிறகு டைட்டானியம் வெள்ளை. எக்ஸ் கதிர் பாய்ச்சி எந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லும் கைக்கருவியை வைத்தால், ஒரு துணுக்கைக்கூட எடுக்காமல் ஈயமா டைட்டானியமா என்று தெரிந்துவிடும்.

இந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் தடிமன். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து சில மைக்ரான் போகிறது. அந்தப் பாலிஷில் சிலிக்கோன் கலந்திருந்தால் அது விரிசல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. ஆண்டுக்கு நான்கு முறை பாசத்தோடு பாலிஷ் போட்ட கார்கள் பலவற்றில், பானெட்டின் விளிம்புகளில் வெறும் தகடு எட்டிப்பார்க்கிறது. அன்பினால் தேய்ந்த இடம் அது.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் காலத்துப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: ஏடு சிதைந்து எழுத்து போன இடத்தில் புள்ளிகள் இருக்கும். அங்கே ஒரு சொல்லை ஊகித்து நிரப்புவது புலமை உள்ளவருக்குக் கடினமில்லை. நிரப்பாமல் விட்டது நேர்மை. பூச்சு உரிந்த இடத்தை உரிந்ததாகவே விடுவதில் இருக்கும் நியாயமும் அந்தப் புள்ளிகளுடையதுதான்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா? முடியாது. விளிம்பு தூக்கிய பூச்சுத் துணுக்கு அடுத்த குலுக்கலில் விழும். அதை ஒட்ட வேண்டும். எதிர்காலத்தில் தேவைப்பட்டால் கழற்றும்படியும் இருக்க வேண்டும். ஓவியங்களையும் மட்பாண்டங்களையும் காப்பவர்கள் நம்பும் பாரலாய்ட் பி-72 என்ற பிசின் அசிட்டோனில் கரைவது. அசிட்டோன் நைட்ரோசெல்லுலோஸையும் கரைக்கும். ஆகவே அதே வழியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை தண்ணீரில் கரைவது; மெல்லிய தூரிகையால் துணுக்கின் அடியில் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் அழுத்திப் படியவைக்கலாம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகல் போய்விடும்.

சுத்தம் செய்யவும் அப்படித்தான். நவீன ஆய்வுக்கூடங்களில்கூட எச்சில் தொட்ட பஞ்சு ஒரு மதிப்பான கருவி. உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தையும் அதோடு ஒட்டிய அழுக்கையும் பிரித்துவிடும், பூச்சைக் கரைக்காது. பழைய முலாம் பூசிய சிற்பங்களில் இதை அளந்து நிறுவிய போர்ச்சுகல் ஆய்வாளர்களுக்கு 2018-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. எச்சிலைத் தீட்டு என்று ஒதுக்கி வளர்ந்த நமக்கு, கோடி மதிப்புள்ள ஒரு பொருளை எச்சிலால் துடைப்பது விசித்திரமாகப் படலாம். கடையில் விற்கும் பல திரவங்களைவிட அது மென்மையானது.

*

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால் தோல் வாசனை. பழைய தோல் இருக்கையில் விரலை ஓட்டினால் சிவப்புப் பொடி ஒட்டுகிறதா? அது அழுக்கில்லை, தோலேதான். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல் காற்றிலிருக்கும் கந்தக டை ஆக்சைடைப் பிடித்துவைத்து, தனக்குள்ளேயே கந்தக அமிலமாக்கிக்கொள்கிறது. அந்த அமிலம் தோலின் புரத இழைகளைத் துண்டு துண்டாக்குகிறது. 1840-களில் லண்டன் அதெனியம் மன்றத்தின் தோல் நாற்காலிகள் இப்படி உதிரத் தொடங்கியபோது, காரணம் கண்டுபிடிக்க மைக்கேல் ஃபாரடேயை அழைத்தார்கள். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே ஃபாரடே. அறையின் வாயு விளக்குகளிலிருந்து வந்த கந்தகப் புகைமேல் அவர் பழியைப் போட்டார். நகரத்துப் போக்குவரத்தில் ஓடிய சொகுசுக் காரின் இருக்கை, வாழ்நாள் முழுவதும் அதெனியம் மன்றத்தில் இருந்ததற்குச் சமம்.

இங்கேயும் பாசம் தீங்கு செய்திருக்கிறது. தோல் காய்கிறதே என்று தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவினார்கள். அந்த எண்ணெய் காலப்போக்கில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகி, தோலைக் கறுப்பாக்கி, தூசியையும் பிடித்துவைத்தது. அமிலம் தின்ற இழை எண்ணெயால் மறுபடி சேராது. இன்று செய்வது மிகக் குறைவு: ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் வகைப் பசையை மெல்லத் தடவிப் பொடியைப் படியவைக்கிறார்கள். பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தோல் போலவே தோற்றம் தரும் துணியும் பழங்கார்களில் நிறைய. துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் ஏற்றியது. ஸ்டீயரிங் சக்கரத்தின் செல்லுலாய்டும் அதே குடும்பம். இவை சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடுகின்றன. அவை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரைவுபடுத்துகிறது. பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் கடிக்கிறது. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துப் ‘பத்திரமாக’ வைத்த காரில் இந்த வாயு வெளியேற வழியில்லாமல் தேங்கும். பத்திரம் என்று நாம் நினைக்கும் அடைப்பே ஆபத்தாகும் இடம் இது. காற்றோட்டம் வேண்டும்.

ரப்பரைப் பற்றி ஒரு பத்தி போதும். இழுத்துப் பிடித்த நிலையில் உள்ள ரப்பரை ஓசோன் வெட்டும். காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சில பத்துப் பங்கு ஓசோன் இருந்தாலே போதும். அதனால்தான் காரைத் தாங்கிகளின் மேல் தூக்கி நிறுத்தி, டயருக்குப் பாரம் இல்லாமல் செய்கிறார்கள். அசல் டயரைக் கழற்றிப் பெயரெழுதித் தனியே வைத்துவிட்டு, சாலைக்கு வேறு டயர் மாட்டுவதில் எந்தக் குற்றமும் இல்லை. வெடிக்கப்போகும் டயரில் உயிரைப் பணயம் வைத்து அசல்தன்மையைக் காட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும்போதுதான் தலைவலி. இரும்புக்கு 40 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே சுகம். உடலின் உள்ளே மறைந்திருக்கும் ஆஷ் மரச் சட்டத்துக்கு அது பஞ்சம். சுருங்கி, மூட்டு தளர்ந்து, கதவு தொங்கும். தோலும் அந்த வறட்சியில் விறைக்கும். 65 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை. பழங்கார் என்பது இரும்பு, அலுமினியம், மரம், தோல், கம்பளி, ரப்பர், கண்ணாடி எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கும் கூட்டுக்குடும்பம். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தியம். நடைமுறையில் 45 முதல் 50 சதவீதம் என்று ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். எண்ணைவிட முக்கியம் அது ஆடாமல் இருப்பது. காலையில் 40, மாலையில் 70 என்று ஊசலாடும் அறையைவிட, எப்போதும் 55-ல் நிற்கும் அறை மரத்துக்கும் பூச்சுக்கும் மேல். பையோன் வீட்டுக் கேரேஜின் சுவர்கள் செய்த உபகாரமும் பெரும்பாலும் இதுதான். வெயிலையும் பனியையும் சுவர் மெதுவாக்கித்தான் உள்ளே அனுப்பும். திறந்த கொட்டகையில் விடியற்காலைப் பனி நேராக உலோகத்தில் நீர்த்துளியாக இறங்கும், வருடம் முழுக்க.

*

இயந்திரத்தை ஓட்டலாமா?

பலரும் செய்வது இது: மாதம் ஒரு முறை கேரேஜைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, திருப்தியோடு அணைத்துவிடுவார்கள். இதைவிடக் கெடுதலான பழக்கம் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் முழுவதும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகத்தான் வெளியேற வேண்டும். இயந்திரம் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி புகைக்குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது. சைலன்சருக்குள்ளும் ஆயில் தொட்டிக்குள்ளும் தண்ணீராகத் தங்கி, எரிபொருளின் கழிவு அமிலங்களோடு கலந்து, அடுத்த மாதம்வரை உள்ளிருந்து அரிக்கும். ஓட்டினால் அரை மணி நேரமாவது உண்மையான பாரத்தோடு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, தூங்கவிட வேண்டும். நடுவழி இல்லை.

பல ஆண்டு தூங்கிய இயந்திரத்தை எழுப்புவது தனிக் கலை. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவது கொலை. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிணைந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைவழியே மெல்லிய கேமராவை இறக்கிப் பார்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்து, கையால் நூலளவு திருப்பிப் பார்ப்பார்கள். நகர்ந்தால் அன்றைக்கு அது போதும்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறோம். பழைய கார்களில் எரிபொருள் மிதவை சிலவற்றில் தக்கையால் ஆனது, அதன் மேல் அரக்குப் பூச்சு. அரக்கு எத்தனாலில் கரையும். பெட்ரோலில் கரையாது என்று நம்பி 90 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த தேர்வு, நம் காலத்து எரிபொருள் கொள்கையால் பொய்த்துப் போகிறது. மிதவையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு மாற்று ஒன்றைப் போட வேண்டியதுதான்.

ஓடாத கார் காரா என்ற கேள்விக்கு ஃபிலடெல்ஃபியாவில் மூளை அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன் ஒரு வழி காட்டினார். அவர் அமைத்த அருங்காட்சியகத்தில் கார்களைக் குறிப்பிட்ட நாள்களில் பின்புற மைதானத்துக்கு எடுத்துவந்து ஓட்டிக்காட்டுவார்கள். அங்கே இருக்கும் 1964-ஆம் ஆண்டு ஷெல்பி டேடோனா கூப்பே பல பத்தாண்டுகள் ஒரு கிடங்கில் கிடந்து வெளிவந்தது. அது பந்தயக் கார், சொகுசுக் கார் கிடையாது. ஆனாலும் அவர் அதைப் புதுப்பிக்க மறுத்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றது அந்தக் கார்.

*

‘அசல்’ என்ற சொல்லைச் சரளமாகப் புழங்கிவிட்டேன். அது எந்த நாளின் அசல்?

2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் பழங்கார்ப் போட்டியில் முதல் பரிசு ஒரு 1934 புகாட்டி டைப் 59-க்குப் போனது. 1950-லிருந்து நடக்கும் அந்தப் போட்டியில், புதுப்பிக்காமல் காப்பாற்றிய கார் ஒன்று மேடையின் உச்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. பளபளப்பைக் கும்பிட்ட மேடை, வெடித்த பூச்சையும் தேய்ந்த தோலையும் கும்பிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அந்தக் காரின் கறுப்பு நிறத்தைப் பாருங்கள். 1934-ல் ஸ்பா மைதானத்தில் ரெனே ட்ரைஃபுஸ் பெல்ஜியம் கிராண்ட் பிரியை வென்றபோது அது கறுப்பு கிடையாது. அது அப்போது பந்தயக் கார், மிகையழுத்தி (சூப்பர்சார்ஜர்) பூட்டியது. பிறகு அந்த மிகையழுத்தியைக் கழற்றி, சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காராகத் தொழிற்சாலையே மாற்றியது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்ட் வாங்கியபோதுதான் கறுப்பும் மஞ்சள் பட்டையும் வந்தன. ‘தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள்’ என்பதுதான் அசல் என்றால், மன்னரின் பூச்சைச் சுரண்டிப் பந்தய நிறத்தை மீட்க வேண்டும். யாரும் அப்படிச் செய்யத் துணியவில்லை. சுரண்டினால் மன்னர் போய்விடுவார்; மீண்டும் வரும் பந்தயக் காரும் நம் காலத்துப் பெயிண்டில் செய்த பொம்மையாக இருக்கும்.

ஆகவே நான் காக்கச் சொல்வது பிறந்த நாளை மட்டும் அல்ல. அதன் பிறகு வந்த நாள்களையும். ஓட்டுநரின் இடது குதிகால் தேய்த்த தரைவிரிப்பு, ஒரு போர்க்காலத்தில் கிடைத்ததை வைத்து ஒட்டிய மட்டமான பழுதுபார்ப்பு, கதவருகே மோதிரம் கீறிய கோடுகள். உலகப் பழவாகனக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்ற டூரின் சாசனம் இந்த எண்ணத்தைத்தான் விதியாக எழுதுகிறது. 1964-ல் கட்டடங்களுக்காக வெனிஸில் எழுதிய சாசனத்தை அடியொற்றியது அது. புதிய பாகம் சேர்க்க நேர்ந்தால் அது கண்ணை உறுத்தவும் கூடாது, தேடிப் பார்ப்பவரை ஏமாற்றவும் கூடாது.

எல்லாக் காரையும் இப்படித்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பையோன் கொட்டகையின் துருக்கூடுகளில் சிலவற்றைக் காப்பாற்ற ஒரே வழி புதிதாகத் தகடு வெட்டுவதுதான். எந்தப் பாகமும் மிச்சமில்லாத இடத்தில் காக்க ஒன்றுமில்லை. ஆனால் முழுதாக, ஒருவரும் கைவைக்காமல் வந்துசேரும் கார் தலைமுறைக்குச் சில மட்டுமே. அவற்றுக்குப் பட்டறைக் கதவு கடைசியாகத்தான் திறக்க வேண்டும்.

அப்படி ஒரு கார் வந்து சேர்ந்தால் முதல் வாரத்தில் அதன் மேல் யாரும் கைவைப்பதில்லை. எல்லாப் பக்கமும் நிழற்படம். பிறகு சாய்வொளியில் மறுபடி நிழற்படம், ஒவ்வொரு கொப்புளமும் நிழல் போட்டுத் தெரியும்படி. பூச்சின் தடிமனைக் கைக்கருவியால் ஒவ்வொரு விரற்கடைக்கும் அளந்து கட்டம் போட்ட தாளில் குறிக்கிறார்கள். இருக்கையின் மடிப்பில் கிடக்கும் பஸ் டிக்கெட்டு, ஒரு பொத்தான், காய்ந்த இலை எல்லாம் எடுத்த இடம் எழுதிய உறைகளில் போகின்றன. அதன் பிறகு தூசி. பானெட்டின் மேலிருந்து ஒரு சிட்டிகை, தரையிலிருந்து ஒரு சிட்டிகை, கண்ணாடிக் குப்பிகளில், தேதியோடு. மிச்சத்தை ஆட்டு மயிர்த் தூரிகையால் மெல்லத் தள்ளி, வாயில் மஸ்லின் துணி கட்டிய உறிஞ்சுகுழாயில் சேர்க்கிறார்கள். பூச்சுத் துணுக்கு ஏதாவது உடன் வந்தால் துணி பிடித்துக்கொள்ளும். அதை எடுத்து, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று பார்த்து, மறுபடி அங்கேயே ஒட்டுவார்கள்.